ஏழாம் நம்பருக்குப் பெயரில்லை

ட்ரிங்ங்ங்... ட்ரிங்ங்ங்...

சுங்கை காடுட். சிவபாலா டிரான்ஸ்போர்ட் அலுவலகம்.

ஜெனவீவ் ஒரு கையில் ரொட்டியைப் பிடித்தபடி மறு கையால் போனை எடுத்தாள். எந்த லோரி எங்கே போக வேண்டும், எந்த டிரைவரிடம் எந்தச் சாவி, எல்லாம் அவள் பொறுப்பு. எட்டு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கம்பெனியில் எட்டு வருடம் தாக்குப்பிடித்தவை இரண்டே இரண்டு. ஒன்று அவள். இன்னொன்று அந்த நாற்காலி.

"சிவபாலா டிரான்ஸ்போர்ட்!"

"மேடம்... நான் நல்லசாமி பேசறேன். புது டிரைவர். இன்னிக்கு வேலைக்குச் சேரணும்னு சொல்லியிருந்தீங்களே..."

"சொல்லுங்கண்ணே! ரெம்பாவ் பேக்டரியில லோடு ஏத்தியாச்சா?"

"லோடா?"

"ரப்பர் லோடுண்ணே. கிள்ளானுக்குப் போகுதே!"

மறுமுனையில் ஒரு செருமல்...

"மேடம், கோவிச்சுக்காதீங்க. எனக்குத் தம்பின் டவுன்லயே வேற வேலை கிடைச்சிருச்சு. நான் வரலை. அதைச் சொல்லத்தான் லா போன் பண்ணேன்."

ஜெனவீவ் அசரவில்லை. சேர்ந்த அன்றைக்கே ஓடிப்போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் திரும்பியே வராதவர்களைப் பார்த்திருக்கிறாள். ஒருவன் டோல் சாவடியில் லோரியை நிறுத்திவிட்டு, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனான்.

ஆனால் சேர்வதற்கு முன்பே விலகுகிறவன் இவன்தான் முதல் ஆள்.

"சரிண்ணே, உங்க இஷ்டம். லோரியை எங்க விட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"எந்த லோரி?"

"ஏழாம் நம்பர் லோரி! விடிஞ்சதும் என்கிட்ட சாவி வாங்கிட்டுப் போனீங்களே!"

"நானா? மேடம், நான் காலையிலேர்ந்து வீட்டுல உக்காந்து கோப்பி குடிக்கிறேன்! உங்க ஆபீஸ் எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது!"

ஜெனவீவின் தொண்டையில் ரொட்டி சிக்கியது.

அப்படியானால்...

காலையில் அவள் யாரிடம் சாவியைக் கொடுத்தாள்?!

* * *

கம்பெனியின் நீலச் சட்டை. வாரிவிட்ட தலை. முப்பது வயது இருக்கலாம். கேட்டுக்குள் வந்தான், நின்றான், சிரித்தான்.

"நீங்கதான் ஏழா?" என்று இவள் கேட்டாள்.

"ஆமாக்கா" என்றான் அவன்.

அவ்வளவுதான்! சாவியை நீட்டிவிட்டாள். போதாததற்கு, "வெறும் வயித்தோட போகாதீங்க தம்பி" என்று ஒரு பாக்கெட் நாசி லெமாக் வேறு!

தப்பு அவளுடையது மட்டுமா? அந்தக் கம்பெனியின் பழக்கமே அப்படி. மூன்றாம் நம்பர் லோரியை ஓட்டுகிறவன் மூணு. பன்னிரண்டாம் நம்பரை ஓட்டுகிறவன் பன்னண்டு. இன்றைக்கு ஒருவன் போய் நாளைக்கு இன்னொருவன் வந்தால் அவனும் பன்னண்டுதான்! அது முதலாளி சிவானந்தன் போட்ட சட்டம்.

'இவங்கள் வாறதும் போறதும். பேரை ஏன் பாடமாக்க வேணும்? லோரி நம்பர் மாறாது. அதையே கூப்பிடுங்கோ!'

பெயரோடு கூப்பிடப்பட்ட ஒரே ஆள் ஜெனவீவ். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவள் கேட்டை நோக்கி ஓடினாள். அங்கே ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கும் சன்னாசி, நாற்காலியில் சாய்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்.

"அண்ணே! காலையில ஏழாம் நம்பர்ல போனது யாரு?"

"ஏழு."

"ஐயோ, பேரு என்னண்ணே?"

"ஏழுதாம்மா."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

சன்னாசி யோசித்தார். தீவிரமாக யோசித்தார்.

"புதுசா இருந்துச்சு. இங்க எல்லா மூஞ்சியும் புதுசாத்தான் இருக்கு. பழைய மூஞ்சி வந்தாத்தான் நான் கேட்டை மறிப்பேன்!"

ஜெனவீவ் தலையில் அடித்துக்கொண்டாள்.

ரெம்பாவ் பேக்டரிக்குப் போன் போட்டாள். அவர்கள் சொன்ன பதிலை அவள் இரண்டு தடவை கேட்டாள்.

லோரி வந்ததாம். முழு லோடு ரப்பர் ஏற்றியாயிற்றாம். டிரைவர் ரொம்ப மரியாதைக்காரராம். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினாராம்!

* * *

முதலாளி சிவானந்தன் வழக்கமாக அலுவலகத்துக்கு மத்தியானம்தான் வருவார். அன்றைக்கு ஜெனவீவ் போனை வைத்த சூட்டோடு அவருடைய கார் வந்து நின்றது. கூடவே ஒரு போலீஸ் கார்.

சார்ஜன் இராஜமாணிக்கம் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். மேசை மேலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

"யாரு ஜெனவீவ்?"

"நான்தான் சார்."

"லோரி சாவியைக் குடுத்தது நீங்களா?"

"ஆமா சார். ஆனா..."

"சார்ஜன், நான் சொன்னன்தானே!" சிவானந்தன் நெஞ்சில் கை வைத்தார். "என்ர லோரி! பேக்டரிக்காரற்ற ரப்பர்! எட்டு வருஷம் சோறு போட்ட கம்பெனிக்கு இவ இப்படிச் செய்வாளெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை!"

"பாஸ்!" ஜெனவீவ் கத்தினாள். "என்ன பாஸ் சொல்றீங்க? நான் திருடனுக்குத் துணை போனேன்னா?"

"முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு ஆராவது சாவியைத் தூக்கிக் குடுப்பினமே? சாப்பாடும் குடுத்தனீராம்!"

'இந்த சன்னாசியண்ணன் வாயை...' என்று பல்லைக் கடித்தாள் ஜெனவீவ்.

சார்ஜன் ஒரு பிஸ்கட்டை அவளுடைய கோப்பியிலேயே தோய்த்தார்.

"பாருங்கம்மா. ரிப்போர்ட்டுல இருக்கற ஒரே பேரு உங்க பேருதான். சாவி குடுத்ததும் நீங்க. லோரி கிடைக்கலைன்னா உள்ள போகப்போறதும் நீங்க. ஜிபிஎஸ் இருக்கா?"

"நிறுத்தியாச்சு சார். பாஸ்தான் வேணாம்னாரு."

"வீண் செலவு!" என்றார் சிவானந்தன்.

"பிரேக்கையும் வீண் செலவுன்னுதானே சொன்னீங்க?" ஜெனவீவுக்குக் கண் கலங்கியது. கோபத்திலும் கலங்கும் கண் அவளுக்கு. "ஏழாம் நம்பருக்குப் பிரேக் சரியில்ல, சரியில்லன்னு எத்தனை தடவை சொன்னேன்! உருளுதுதானே, உருளட்டும்னீங்க!"

"இப்ப பிரேக் கதை எதுக்கு? திருட்டுக் கதையைக் கதையும்!"

ஜெனவீவ் பொத்தென்று உட்கார்ந்தாள். பெடாஸில் இருக்கும் அம்மா முகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசைக்குப் போனால் ஊர் என்ன பேசும்? 'லோரி திருடுன ஜெனவீவ் வர்றா பாரு' என்று குசுகுசுக்காதா?

அப்போதுதான்...

மேசை மேலிருந்த அவளுடைய கைப்பேசி அலறியது!

தெரியாத நம்பர்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் சார்ஜன்.

போட்டாள்.

"அக்கா!! ஜெனவீவ் அக்காவா?!"

பின்னணியில் கடகடவென்று இரும்புச் சத்தம். என்ஜின் ஊளை.

"யாரு பேசறது?"

"ஏழுக்கா! ஏழு!!"

மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

"டேய்! என் லோரி எங்கடா?!"

"திருடிட்டேன்கா! அதை அப்புறம் பேசிக்கலாம்! பிரேக் பிடிக்கலைக்கா!!"

* * *

"எங்க இருக்க?" ஜெனவீவ் கத்தினாள்.

"தெரியல லா! பெடாஸ் தாண்டி ஒரு தோட்டத்துக்குள்ள! இறக்கம்கா! ஒரு பக்கம் செம்பனை மரம், ஒரு பக்கம் பள்ளம்! இப்பத்தான் ஒரு முனியாண்டி கோயில் போச்சு, பச்சை கேட்டு போட்டது! கும்பிடக்கூட முடியல, அவ்வளவு வேகம்!"

ஜெனவீவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பச்சை கேட் முனியாண்டி!

அவள் பிறந்து வளர்ந்த தோட்டம்! அந்த இறக்கத்துக்குக் கங்காணி இறக்கம் என்று பேர். அதில் சைக்கிள் விட்டு அவள் உடைத்துக்கொண்ட பல் இன்னும் பாதிதான் இருக்கிறது. இறக்கம் முடிகிற சந்தியில்...

ஆலமாக்!

சந்தியில் காலைப் பசார்! மீன் வாங்க, காய் வாங்க, அரட்டை அடிக்க, பாதித் தோட்டமே இந்நேரம் அங்கேதான் நிற்கும்!

சிவானந்தன் பாய்ந்து வந்தார். போனைப் பிடுங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"ஷங்கர்! குதியடா! லோரி போனாப் போகட்டும், விட்டிட்டுக் குதி!"

"குடுங்க பாஸ்!" ஜெனவீவ் அவர் கையை ஒரு தட்டுத் தட்டிப் போனைத் திரும்பப் பிடுங்கினாள். "குதிக்காதடா! நீ குதிச்சா லோரி நேரா பசாருக்குள்ள போயிரும்! அத்தனை சனம் இருக்கு! என் அம்மாவும் அங்கதான் நிப்பாங்க!"

ஏதோ ஒன்று அவள் காதில் முள் மாதிரித் தைத்தது. என்னவென்று யோசிக்க நேரமில்லை.

"அப்ப என்னக்கா பண்றது?!"

"ஹேண்ட் பிரேக்கை இழு!"

"இழுத்தேன்! கையோட வந்துருச்சு!"

"வரும், வரும். அதைக் கீழ போடு. கியரைக் குறை! மூணுல போடு!"

"போட்டா வெளிய துப்புதுக்கா!"

"துப்பும்! போட்டுட்டு இடது முட்டியால அமுக்கிப் பிடி!"

மூன்றாம் கியர் துப்பும் என்று சொன்னவன் நெல்சன். நாலு மாதம் ஓட்டினான். போகிற அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கம்பெனியில் டிரைவர்கள் வரும்போது நம்பரோடு வருவார்கள். போகும்போதுதான் ஜெனவீவ் மேசை முன்னால் உட்கார்ந்து பெயரையும் சொல்லி, மனசில் இருக்கிறதையும் கொட்டிவிட்டுப் போவார்கள். முதலாளி ஒரு நாளும் அதைக் காதில் வாங்கியதில்லை. இவள் ஒவ்வொன்றையும் வாங்கி வைத்திருந்தாள்.

"பிடிச்சுட்டேன்கா! கொஞ்சம் வேகம் குறையுது!"

"ஹாரன் அடி! ரோட்டுல யாராச்சும் இருந்தா ஒதுங்கட்டும்!"

"ஹாரன் செத்துப் போச்சுக்கா!"

"வைப்பரைப் போடு!"

"மழை இல்லியேக்கா!"

"போடுடா சொல்றேன்! அந்த லோரியில வைப்பரைப் போட்டாத்தான் ஹாரன் அடிக்கும்!"

பாஆஆஆம்ம்ம்...!!

ஸ்பீக்கர் அதிர்ந்தது. சார்ஜன் கையிலிருந்த பிஸ்கட் கோப்பிக்குள் விழுந்தது.

அது நைஜல் கண்டுபிடித்தது. ஒரு வாரம்தான் தாங்கினான், பாவம். ஆனால் கெட்டிக்காரன்.

"இப்ப கேளு! வலது பக்கம் பழைய தண்ணித் தொட்டி வரும். தெரியுதா?"

"வருது... வருது... வந்துருச்சு!"

"அதைத் தாண்டுனதும் இடது பக்கம் செம்பனை இருக்காது! மறுநடவுக்கு மண்ணைப் புரட்டிப் போட்டிருக்காங்க! நேத்து மழை வேற! மண்ணு புளிச்ச மாவு மாதிரி கிடக்கும். வண்டியை அதுக்குள்ள விடு!"

"கவுந்துருமாக்கா?"

"கவுறாது! ஸ்டேரிங்கை வெடுக்குனு ஒடிக்காத! மெதுவா... மெதுவா இடது பக்கம்..."

"அக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா..."

அந்தக் குரலில் திருடன் இல்லை. ஒரு பயந்த பிள்ளைதான் இருந்தான்.

"நான் இருக்கேன்டா. போனை வைக்க மாட்டேன். இப்ப ஒடி!"

தட்... தட்தட்... கடமுடா... க்ர்ர்ர்ராக்...!

அப்புறம்...

ஒன்றுமில்லை.

"தம்பி?"



"ஏழு?! டேய்...!"

பீப்... பீப்... பீப்...

* * *

போலீஸ் கார் பறந்தது. பின் சீட்டில் ஜெனவீவும் சிவானந்தனும்.

"எனக்கு அவசர வேலை இருக்கு, சார்ஜன். நான் பிறகு வாறன்" என்று நெளிந்தார் சிவானந்தன்.

"உங்க லோரிதானே சார்? அடையாளம் காட்ட வேணாமா? உக்காருங்க!"

ஜெனவீவ் வழியெல்லாம் செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். லோரிக்காகவா, அவனுக்காகவா, தனக்காகவா, மாதாவுக்கே புரிந்திருக்காது.

கங்காணி இறக்கம். தண்ணீர்த் தொட்டி. அதைத் தாண்டி...

சிவப்பு மண்ணில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது ஏழாம் நம்பர். ரப்பர் கட்டிகள் கட்டிய கட்டு அவிழாமல் அப்படியே இருந்தன. வைப்பர் மட்டும் இன்னும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

லோரிக்குப் பக்கத்தில்...

ஓர் உடல்!

மல்லாந்து கிடந்தது. நீலச் சட்டை முழுக்கச் சிவப்பு!

"சேசுவே...!!" ஜெனவீவ் அலறினாள். சேற்றில் விழுந்தடித்து ஓடினாள். "செத்துட்டான் சார்! என் பேச்சைக் கேட்டு செத்துட்டான்!"

உடல் ஒரு கண்ணைத் திறந்தது.

"இல்லக்கா. சும்மா படுத்திருக்கேன்."

"இந்த ரத்தம்...?"

"மண்ணுக்கா. உங்க சீட்டு ஸ்பிரிங் ரெம்பாவ்லேர்ந்து முதுகைக் குத்திக்கிட்டே வந்துச்சு. இப்படி மல்லாக்கப் படுத்தாத்தான் சொகமா இருக்கு."

ஜெனவீவ் அவன் தோளில் ஒன்று வைத்தாள். பளார்! அடித்துவிட்டு அழுதாள். அழுதுவிட்டுச் சிரித்தாள்.

சார்ஜன் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"பேரு என்னடா?"

"வக்கீல் வராம பேரு சொல்ல மாட்டேன் சார்."

"ஐசி கார்டு எங்க?"

"எடுத்துட்டு வரலை சார்."

"யாரு அனுப்பி வெச்சது?"

"பேரே சொல்ல மாட்டேங்கறேன், அதைச் சொல்வேனா?"

"சார்ஜன்!" சிவானந்தன் விலை உயர்ந்த சப்பாத்தைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி நடந்து வந்தார். "ஆர் அனுப்பினதெண்டு இன்னும் விளங்கேல்லையே? களவெடுத்தவன் ஆருக்குப் போன் எடுத்தான்? இவவுக்கு! என்னெண்டு கூப்பிட்டான்? ஜெனவீவ் அக்கா எண்டு! இவவின்ர பேர் அவனுக்கு எப்படித் தெரியும்?"

சார்ஜன் மெல்லத் திரும்பி ஜெனவீவைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நியாயமான கேள்விதாம்மா. எப்படித் தெரியும்?"

"லோரிக்குள்ள எழுதி ஒட்டியிருக்கேன் சார்! 'அவசரத்துக்கு ஜெனவீவ்'னு என் நம்பரோட! எல்லா லோரியிலயும் ஒட்டியிருக்கேன்! போய்ப் பாருங்க!"

"பார்க்கலாம். ஆனா அது மட்டும் போதாதும்மா. கைவிலங்கு வேணாம், மரியாதையா வந்து கார்ல ஏறுங்க."

ஜெனவீவ் காரை நோக்கி இரண்டடி வைத்தாள்.

பேர்... அவனுக்கு என் பேர் தெரிந்தது எப்படி... அவன் பேர்...

காதில் தைத்த முள் இப்போது சுருக்கென்று குத்தியது!

அவள் நின்றாள். கீழே கிடந்தவனைப் பார்த்தாள். ரொம்பச் சாதாரணமாக, கோப்பி வேணுமா என்று கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"ஷங்கர்!"

"என்னக்கா?" என்றான் அவன்.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

சார்ஜன் துள்ளினார்! "ஆக, உங்களுக்கு இவனைத் தெரியும்! பேரு வரைக்கும் தெரியும்!"

"எனக்குத் தெரியாது சார்."

"இப்ப நீங்கதானேம்மா கூப்பிட்டீங்க!"

"காலையில பாஸ் கூப்பிட்டாரு. போனைப் பிடுங்கி, 'ஷங்கர், குதியடா'ன்னு. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டு!"

சார்ஜனின் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"அட ஆமா!"

மூன்று தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின.

சிவானந்தன் சேற்றில் ஊன்றிய குச்சியாய் நின்றார். ஒரு சப்பாத்து காலில். இன்னொன்று கையில்.

"அது... அது சும்மா வாயில வந்த பேர்..."

"வாயில வந்த பேரா?" ஜெனவீவ் ஓரடி முன்னால் வந்தாள். "பாஸ், எட்டு வருஷத்துல உங்ககிட்ட எத்தனை டிரைவர் வேலை பார்த்தாங்க! ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பாக்கலாம். ஒரே ஒருத்தர்!"

சிவானந்தன் கையிலிருந்த சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணாவது கியரைச் சொன்னது யாரு? ஹாரனைச் சொன்னது யாரு? போன மாசம் நெஞ்சு வலிக்குதுன்னு உங்க முன்னாடி நின்னு லீவு கேட்டாரே, அவர் பேரு என்ன?"

"நாலு..." என்றார் சிவானந்தன் ஈனசுரத்தில். "இல்லை... பதினொண்டு..."

"சொந்த டிரைவர் ஒருத்தன் பேரு தெரியாது. ஆனா லோரியைத் திருடுனவன் பேரு மட்டும் தெரியுது. நான் சொல்றதுக்கு முன்னாடியே போலீஸையும் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க. எப்படி பாஸ்?"

கீழே கிடந்த ஷங்கர் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் மண். மண்ணுக்குள் கோபம்.

"முதலாளி, நீங்களே என் பேரைப் போட்டு ஒடைச்சுட்டீங்களா? 'பேர் வெளியில வராது, என்ர கம்பெனியில ஒருத்தரும் பேர் கேக்க மாட்டினம்'னு நீங்கதானே சொன்னீங்க!"

"வாயை மூடு!"

"எதுக்கு மூடணும்? பிரேக் இல்லாத லோரியைக் குடுத்து என்னைக் கொல்லப் பாத்தீங்களே!" அவன் சார்ஜன் பக்கம் திரும்பினான். மடை திறந்தது. "சார், இந்த நீலச் சட்டையைக் குடுத்ததே இவருதான். 'விடிஞ்சதும் புது ஆள் வாறதுக்கு முதல் போய் நில்லு, ஏழுன்னு சொல்லு, சாவி தானா வரும்'னாரு. தோட்டத்துக்குப் பின்னால ஒரு ஸ்டோர் இருக்கு, அங்க லோடை இறக்கச் சொன்னாரு. லோரிக்கும் லோடுக்கும் இன்சூரன்ஸ் வாங்கிட்டு, ஆளு நிக்காத கம்பெனியை இழுத்து மூடிடலாம்னு இருந்தாரு!"

"போலீஸ் கேட்டா?"

ஷங்கர் தலையைக் குனிந்தான்.

"சாவி குடுத்த அக்கா இருக்காங்க, அவங்க பேர்ல போயிரும்னாரு. மன்னிச்சிருங்கக்கா. நாசி லெமாக் நல்லா இருந்துச்சு."

ஜெனவீவ் சிவானந்தனைப் பார்த்தாள். எட்டு வருடம்! எல்லாரையும் நம்பராகக் கூப்பிட்டவர் அவளை மட்டும் பெயரோடு கூப்பிட்டார். அதில் அவள் பெருமைப்பட்டாள். போலீஸ் ரிப்போர்ட்டில் போடுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே என்றுதான் வைத்திருந்தார் போல!

அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. சிரிப்புதான் வந்தது. அவருடைய ஆளையே ஓடவிடாமல் நிறுத்தியது எது? அவர் பழுது பார்க்காத பிரேக்!

"ஏறுங்க சார்" என்றார் சார்ஜன். இந்தத் தடவை அந்தச் 'சாரில்' மரியாதை இல்லை.

"நான் ஆர் தெரியுமோ? என்ர பேர் சிவானந்தன்!"

"பேரெல்லாம் யாரு சார் பாடம் பண்றது? ஆளுங்க வர்றதும் போறதும்! லாக்கப்ல ஏழாம் நம்பர் ரூம் காலியா இருக்கு. இனி நீங்க ஏழு. நடங்க ஏழு!"

ஷங்கரும் பின்னாலேயே போனான். கார்க் கதவருகே நின்று திரும்பினான்.

"அக்கா, நான் வேலையை விட்டு நின்னுக்கறேன்."

"நீ எங்கடா வேலையில சேர்ந்த?"

"இருந்தாலும் சொல்லிட்டுப் போறதுதானே மரியாதை! சீட்டு ஸ்பிரிங்கைக் கண்டிப்பா மாத்துங்க. ரெண்டாவது கியரும் லேசா இழுக்குது."

ஜெனவீவ் அதையும் மனசுக்குள் வாங்கி வைத்துக்கொண்டாள். பழக்கம்!

* * *

மறுநாள் காலை. அதே அலுவலகம். அதே நாற்காலி.

சிவானந்தனின் மனைவி பாலேஸ்வரி விடிந்ததும் வந்து, "எனக்கு லோரியும் தெரியாது, ஒண்டும் தெரியாது. இந்தச் சனியனை நீரே கொண்டு நடத்தும் பிள்ளை. உமக்கு மேல ஒரு மனேஜரைத் தேடிப் பிடிக்கிற வேலையும் உம்மடைதான்" என்று சாவிக்கொத்தை மேசையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். கணவரைப் பார்க்கப் போலீஸ் நிலையத்துக்குப் போவாரா என்று ஜெனவீவ் கேட்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே போக மாட்டார் என்று தெரிந்தது.

ஏழாம் நம்பர் பட்டறையில் நின்றது. எட்டு வருடத்தில் முதல் முறையாக அதற்குப் புது பிரேக்!

கேட்டில் சன்னாசி ஒரு டிரைவரை மறித்துக்கொண்டிருந்தார்.

"உன் பேரு என்னப்பா?"

"பன்னண்டு."

"அது லோரி பேரு! அம்மா அப்பா வெச்ச பேரு என்ன?"

அந்த மனிதன் திகைத்துப்போய் நின்றான். தன் பெயரை அவனே ஒரு நிமிஷம் தேட வேண்டியிருந்தது.

ட்ரிங்ங்ங்... ட்ரிங்ங்ங்...

"சிவபாலா டிரான்ஸ்போர்ட்!"

"மேடம்... நான் நல்லசாமி பேசறேன். நேத்து பேசுனேனே..."

"மறக்க முடியுமாண்ணே! சொல்லுங்க."

"அது வந்து... தம்பின் வேலை ஒத்து வரலை மேடம். ஒரே நாள்ல விட்டுட்டேன். உங்க கம்பெனியில இன்னும் ஏதாச்சும் வேலை காலியா இருக்கா?"

ஜெனவீவ் பட்டறையைப் பார்த்தாள். முதலாளி அறையின் மூடிய கதவைப் பார்த்தாள். ரொட்டியைக் கோப்பியில் தோய்த்தாள்.

"டிரைவர் வேலையும் காலி, முதலாளி வேலையும் காலி. உங்களுக்கு எதுண்ணே வசதி?"